ஒண்ணாம் நம்பர் சீட்

"அந்தப் பேரை அழிய்யா!"

நகரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வீடியோ கேம் சென்டரில், கரும்பலகையைக் காட்டிக் கத்தினார் தனசேகர். ஜூனியர் காலேஜில் கணக்கு லெக்சரர்.

பலகையில் முதல் பெயர் ஸ்ரீதேவி. மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்யும் பெண். கார் ரேஸில் மூன்று வருடமாக முதலிடத்தில் இருந்த தனசேகரை நேற்று இரண்டு விநாடி வித்தியாசத்தில் முந்தியிருந்தாள். முதலில் இருப்பவருக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை திருப்பதிப் போட்டியில் இடம்.

"ஏன் சார் அழிக்கணும்?" என்றாள் பக்கத்தில் நின்ற ஸ்ரீதேவி.

"அசிஸ்ட் போட்டு ஓட்டியிருப்பே. பிரேக்கை கேமே புடிக்கும், வளைவுல அதுவே திருப்பும். நீ சும்மா உக்காந்துக்கினு இருந்திருப்பே."

"லேது சார். நான் எதையும் தொடல."

"எங்க காலத்து கேமை நீ பாத்திருக்கியா? சுவத்துல ஒரு தபா இடிச்சா வண்டி அதோட காலி. அது ரேஸு! இப்ப வர்றதெல்லாம் நடைவண்டி."

சொந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் குரல் இவ்வளவு தழுதழுத்திருக்காது.

"வெங்கட், செட்டிங்ஸைத் திற."

கடைக்காரர் தயங்கினார். "விடுங்க சார்..."

"திறய்யா! நேத்து இவ எந்த சீட்ல ஓட்டினா?"

"உங்க ஒண்ணாம் நம்பர்தான் சார். மத்தது ரெண்டும் ரிப்பேரு."

திரையில் வரிசையாக வந்தது. பிரேக் உதவி: ஆன். ஸ்டியரிங் உதவி: ஆன். சறுக்கல் தடுப்பு: ஆன்.

"பாத்தியா! டைமைப் பார்த்ததுமே நெனைச்சேன். மனுஷன் ஓட்டினா இப்படி வராது." துணியை எடுத்துத் தன் கையாலேயே அவள் பெயரை அழித்தார். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணுய்யா, நான் ஓட்டணும்."

அவர் பலகைப் பக்கம் திரும்பியிருக்க, வெங்கட் திரையில் எதையோ தட்டினார். "ஆச்சு சார்."

தனசேகர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதல் வளைவு வெண்ணெய் மாதிரி போனது. "இதான் நிஜ ஓட்டு!" கடை அதிர்ந்தது.

ஸ்ரீதேவிக்குக் கண் கலங்கியது. "அண்ணா, சத்தியமா நான் ஒண்ணையும் தொடல. நீங்கதானே போட்டு வச்சீங்க?"

"நான்தாம்மா."

"எனக்கு எதுக்குண்ணா போட்டீங்க?"

"உனக்கு எங்கம்மா போட்டேன்?" வெங்கட் குரலைத் தாழ்த்தினார். "மூணு வருஷம் முன்ன, மொத வளைவே தாண்ட முடியாம அவரு மூஞ்சி தொங்கிப்போச்சு. பாவமா இருந்துச்சு, போட்டு வச்சேன். இப்பகூட ஆன்லதான் கீது."