சாட்சிக் கூண்டில் சைனம்பு

செங்கல்பட்டு நீதிமன்றத்தில் மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. பொத்தேரியில் இட்லிக் கடை நடத்தும் சைனம்பு சாட்சிக் கூண்டில் நிற்கிறாள். ஜன்னல் வெயில் அவள் முக்காட்டின் ஓரத்தில் விழுந்திருக்கிறது. எதிரே, கஞ்சா வழக்கில் எட்டு மாதமாகச் சிறையிலிருக்கும் விஷால். தன் கடை வாசலில் அவன் பையிலிருந்து போலீஸார் கஞ்சாப் பொட்டலத்தை எடுத்ததைக் கண்ணால் பார்த்ததாக அவள் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்படி காலையில் வராந்தாவில் அரசு வழக்கறிஞரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். மறுத்தால் கடை இருக்காது என்று கூட நின்ற ஏட்டு மிரட்டியிருக்கிறார். "பார்த்தீங்கதானே?" என்று வழக்கறிஞர் புன்னகையோடு கேட்கிறார். சைனம்பு நீதிபதி பக்கம் திரும்புகிறாள். குரலில் நடுக்கமில்லை. "நான் ஒண்ணும் பாக்கலீங்க ஐயா. போலீஸ்காரங்க வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கினு போனாங்க. பாத்தேன்னு சொல்லுன்னு இன்னிக்குக் காலைல இவருதான் சொல்லிக்குடுத்தாரு." நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்க்கிறார். "பயமா இருக்காம்மா?" "பயமாத்தான் கீதுங்க ஐயா. அதுக்காக அந்தப் புள்ள உள்ளயே கெடக்கணுமா?" நீதிபதி தட்டச்சர் பக்கம் திரும்புகிறார். "ஒரு வார்த்தை விடாம எழுதுங்க. அரசு வழக்கறிஞர் பேரையும் சேர்த்து." விசைகள் தடதடக்கின்றன. சைனம்பு நிமிர்ந்து நிற்கிறாள்.