ஓரத்தில் நின்றவள்

கலைஞனின் கண்ணுக்குப் பிழையே கிடையாது என்பது பாபநாசம் போட்டோகிராபர் புகழேந்தியின் வாக்கு. சஃபியா கடைக்குள் வந்ததும் அந்தக் கண் ஒளிய இடம் தேடியது. அவள் தங்கை நிக்காஹ் குரூப் போட்டோவில், ஓரத்தில் நின்ற அவளைப் புது வைடு லென்ஸ் இருமடங்கு பருமனாக்கியிருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க..."

"கோவமா? இந்தாங்க, இனிப்பு, தம்ரூட். காமாலை போயும் எனக்குச் சதை போடலன்னு துபாய்ல எங்க வீட்டுக்காரங்க வேலைய விட்டுட்டு வரக் கெளம்பிட்டாங்க. இந்தப் படத்தப் பாத்துட்டு, 'நல்லாத் தேறிட்டியே'ன்னு சந்தோஷத்துல அழுதுட்டாங்க. வேலையும் தப்பிச்சுது. நீங்க நல்லாயிருக்கணும் தம்பி!"

புகழேந்தி நெஞ்சை நிமிர்த்தினான். "லென்ஸ்ல என்னக்கா இருக்கு? ஆள நிக்க வைக்கிற எடத்துல இருக்கு கலை."

"அப்ப பெருநாளைக்கும் அதே லென்ஸ், அதே ஓரம்!"

ஆளை ஊதவைக்கும் பழுதான லென்ஸ் என்று, அதை வாங்கிய கடைக்கே அவன் காலையில்தான் திருப்பி அனுப்பியிருந்தான்.