அவர் பெயரில் ஒரு மூச்சு

தினமும் காலையில் ஆலை வீட்டில் வைத்திருக்கும் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதினால்தான் தாமோதரனை ஆலைக்குள் விடுவார்கள். மூச்சில் சிகரெட் புகை தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் அவர் பெயரில் ஊதுவது மனைவி வசுந்தராவின் வேலையாகிவிட்டது.

"அடுப்புல பால் பொங்குது. இதுல உங்களுக்கு வேற ஊதணும். அந்தக் கருமத்தை விட்டுத் தொலைச்சா என்ன?" என்று திட்டிக்கொண்டே இன்றும் ஊதினாள். பக்கத்து வீட்டுக்கு வாடை போகாதபடி ஜன்னல்களைச் சாத்திவிட்டு அவர் புகைத்துக்கொண்டிருந்தார்.

கருவி பேசியது: "தாமோதரன், உங்கள் நுரையீரலில் புற்றுநோயின் அறிகுறி தெரிகிறது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்."

அவர் சிகரெட்டைக் கீழே போட்டார். "ஐயோ, எனக்கா?"

வசுந்தரா கருவியைக் கீழே வைத்தாள்.

"ஊதினது நான்," என்றாள். "இப்பவாவது அந்த ஜன்னலைத் திறங்க."