இரண்டு பேருக்கும் ஒரு கச்சேரி

“அக்கா, அந்த ஆளையா கூப்பிட்டிருக்கீங்க?”

பியானோ வாசிக்க வந்த சுல்பி, பாதி கடித்த கிம்பாப் சோற்றுருளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். ஹேரிம் கண்ணாடியைப் பார்த்துக் கொண்டை ஊசி குத்திக்கொண்டிருந்தாள். முப்பத்துநாலு வயதில் இசைக் கல்லூரியில் முதுகலை முடிக்கிறாள். இன்னும் இருபது நிமிடத்தில் அவளுடைய தேர்வுக் கச்சேரி. முதல் பாதி தெய்வப் பாடல்கள், அடுத்த பாதி காதல் பாடல்கள்.

“லெட்டர் போட்டேன். வர்றேன்னு பதில் வந்துச்சு” என்றாள் ஹேரிம்.

தேகு நகரில் கல்யாண மண்டபம் பேசி, கல்யாண ஹன்போக் உடை தைக்க அளவு கொடுத்து, இன்னும் மூன்றே வாரம் என்றிருந்தபோது விலகிப் போனவன் இன்ஹோ. ஒன்பது வருடம் ஆகிறது. அதன்பிறகு நாலு வருடம் ஹேரிம் பாட்டையே தொடவில்லை.

“உங்களைவிட இன்னொருத்தர்தான் முக்கியம்னு போனவரு. அவருக்குப் போய்க் காதல் பாட்டா?”

“அவருக்கு மட்டும் இல்லடி. ரெண்டு பேருக்கும்தான் பாடப் போறேன்.”

“அவங்களும் வர்றாங்களா?”

“வராம இருப்பாங்களா?” என்று சிரித்தாள் ஹேரிம்.

சுல்பிக்குச் சிரிப்பு வரவில்லை. பேராசிரியர் பெக் போன வாரமே எச்சரித்திருந்தார். காதல் பாட்டில் உருகுகிறாய், தெய்வப் பாட்டில் மட்டும் யாரையோ கோர்ட்டில் நிறுத்திக் கேள்வி கேட்பதுபோல் இருக்கிறது, இப்படியே பாடினால் இன்னொரு வருடம் படிக்க வேண்டியதுதான் என்று. இந்த நிலைமையில் அந்த இரண்டு பேரும் வேறு எதிரில் வந்து உட்காரப் போகிறார்களா?

மாலை வெயில் உயரமான ஜன்னல்கள் வழியாக இறங்கி, அரங்கம் முழுக்க வெளியே நின்ற கிங்கோ மரங்களின் இலையுதிர்கால மஞ்சளாகக் கிடந்தது. பியானோவின் முன் உட்கார்ந்தபடி சுல்பி தேடினாள். நாலாவது வரிசையில், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டில் இன்ஹோ. பக்கத்தில் பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண், அவன் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சுல்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் இரண்டு பாட்டும் விறைப்பாகவே போயின. தேர்வாளர்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது பாட்டுக்கு முன் ஹேரிம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். சுல்பியின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே காத்திருந்தன. பிறகு குரல் வந்தது. அது இதுவரை யாரும் கேட்காத குரல். பல நாள் பேசாமல் இருந்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரிடம் மெல்லப் பேச ஆரம்பிப்பதுபோல இருந்தது. எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. வெயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் ஏறிக் கரைந்தது. தெய்வப் பாட்டு எங்கே முடிந்தது, காதல் பாட்டு எங்கே தொடங்கியது என்று வாசித்துக்கொண்டிருந்த சுல்பிக்கே தெரியவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் தேர்வாளர்களும் சேர்ந்து கைதட்டினார்கள்.

வெளியே பூங்கொத்துகளோடு கூட்டம். பெக் ஹேரிமின் தோளைத் தட்டி, தேறிவிட்டாய் என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டே போனார். இன்ஹோ தயங்கித் தயங்கி வந்தான்.

“நல்லா இருக்கியா, ஹேரிம்?”

“இப்போ நல்லா இருக்கேன். உங்க மேல இருந்த கோபம் எப்பவோ போயிடுச்சு. அவங்க மேல இருந்ததுதான் போகாம இருந்துச்சு. இன்னிக்குப் போயிடுச்சு.”

அதற்குள் பச்சைக் கோட்டுக்காரியும் வந்துவிட்டாள். சுல்பி அவளை முறைத்தாள். அவளோ இன்ஹோவின் முன் தலை குனிந்து வணங்கிவிட்டுப் பணிவாகக் கேட்டாள்.

“ஃபாதர், ஞாயித்துக்கிழமை நம்ம கோவில் பூசையில இவங்களைப் பாடச் சொல்லுங்களேன்.”

ஒன்பது வருடமாக ஹேரிம் யாரோடு பேசாமல் இருந்தாள் என்பது சுல்பிக்கு அப்போதுதான் புரிந்தது.