சுலபமான நடை

மலைப்பாதையில் பொன்னுருவி இருபது வருஷமாகத் தலைச்சுமையை இறக்கி மூச்சு வாங்கும் தோளுயரச் சுமைதாங்கிக் கல்லின் குறுக்கே, பக்கத்துச் சுற்றுலா விடுதிக்காரர்கள் துணிப் பேனர் கட்டியிருந்தார்கள்: ‘சுலபமான நடை. அழகான காட்சி.’

அவள் கேரட் மூட்டையை வழக்கம்போல் கல்மேல் இறக்கினாள். விடுதிக் காவலாளி ஓடி வந்தான்.

“அக்கா, கெஸ்ட்டுங்க போட்டோ எடுக்கணும். மூட்டையைத் தூக்குங்க.”

“நீயே தூக்கேன்.”

அவன் கட்டிப்பிடித்து இழுத்தான். முகம் சிவந்ததே தவிர மூட்டை அசையவில்லை. படமெடுக்க வந்த விருந்தினர்கள் கேமராவைத் தாழ்த்தினார்கள்.

பொன்னுருவி தலையிலிருந்த நைந்த சும்மாட்டை வீசியெறிந்தாள். பேனரை அவிழ்த்து, வளையமாகச் சுருட்டித் தலையில் வைத்தாள். குனிந்து மூட்டைக்குத் தலைகொடுத்து, நிமிர்ந்தாள். நெற்றிக்கு மேல் ‘சுலபமான’ என்ற எழுத்துகள் மட்டும் தெரிந்தன.

“தள்ளுங்க. நடக்கணும்.”