வேங்கை மர அலமாரி

"இத்தப் பேத்தாத்தான் எனுக்குச் சோறு எறங்கும்" என்று எழிலரசன் சுத்தியலைத் தூக்கினான்.

சுவரில் இருந்தவை சசிகலாவின் புத்தகத் தட்டுகள். கம்பெனி பேக்கிங் பலகையில் கோணல்மாணலாக அடித்தவை. அவளுடைய முதல் கணவன் தமிழ்வாணன் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தான். அவன் செத்து நாலு வருடமாகியும் பலகையில் கம்பெனி முத்திரை அழியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எழிலரசனுக்கு வயிறு எரிந்தது.

"நல்லாத்தான கீது?" என்றாள் சசிகலா.

"அவன் கைபட்டது எதுவும் இந்த வூட்ல இருக்கக் கூடாது."

அவள் புத்தகங்களை இறக்கித் தரையில் அடுக்கினாள். எழிலரசன் பலகைகளைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் செருகினான். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வேலையை விட்டுவிட்டு, படப்பை மரக்கடையிலிருந்து வேங்கை மரம் கொண்டுவந்து, ஆளுயர அலமாரி செய்து நிறுத்தினான்.

சசிகலா புத்தகங்களை அடுக்கி முடித்தாள்.

"இன்னா, உன் பழைய ஆளு அடிச்சதுக்கு இது தேவலையா?"

"அத்த அடிச்சது நானு. அடுப்பெரிக்க அவரு கொண்டாந்த பலகைய வீணாக்காம அடிச்சேன்."

எழிலரசனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்போ அவன் கையால செஞ்சது இங்க ஒண்ணுமே இல்லியா?"

"ஏன் இல்ல? நீ தெனம் கவுந்தடிச்சித் தூங்குறியே, அந்தக் கட்டிலு அவரு செஞ்சதுதான். அவரு ஒசரத்துக்கு அளவெடுத்தது. அதான் உன் காலு கடைசி வரிக்கும் எட்டாம பாதியிலயே நின்னுடுது."