டெஸ்ட் லேம்ப்

“நீ தேடுற அந்தப் புரதம் கண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. கூடவே ஒரு விளக்கைச் சேத்து ஒட்டி விடோணும். அது போற பக்கமெல்லாம் பச்சையா எரியும்.”

“கரண்டு இருக்குற எடத்துல எரியுமே, நம்ம டெஸ்ட் லேம்ப், அது மாதிரி.”

“அதேதானுங்க.”

“அப்ப உன்ற வேலையும் என்ற வேலையும் ஒண்ணுதான். பட்டம் மட்டும் உனக்கு.”

கல்யாணமான புதிதில், புருஷனுடைய மோட்டார் வைண்டிங் பட்டறையில் இருவரும் பேசியது. சிரித்த சிரிப்பில் அவன் கையிலிருந்த செம்புக் கம்பிச் சுருள் நழுவி வாசல்வரை உருண்டு ஓடியது.

ஆய்வகத்து இருட்டறையில், மைக்ராஸ்கோப்பின் முன்னால் நின்றவளுக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

செல்களைக் கட்டுமீறிப் பெருகவிடாமல் பிடித்துவைக்கிற ஒரு புரதம். அது கெட்டுப்போனால் புற்றுநோய். கெடாத புரதம் செல்லுக்குள் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அவள் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

அந்தப் புரதத்தின் மரபணுவையும், விளக்காகப் பச்சையாய் ஒளிரும் இன்னொரு புரதத்தின் மரபணுவையும் ஒரே டி.என்.ஏ. வளையத்தில் சேர்த்து ஒட்டுவாள். பிளாஸ்மிட் என்று பெயர். அதை மனிதச் செல்களுக்குள் அனுப்பிவிட்டுக் காத்திருப்பாள்.

முதலில் விளக்கைப் புரதத்தின் தலைப்பக்கம் வைத்தாள். புரதம் சரியாக மடியவில்லை. செல் அதைக் குப்பையென்று சிதைத்துவிட்டது.

இருட்டு.

மாற்றி மாற்றிச் செய்தாள். இருட்டு.

இந்தத் தடவை வால்பக்கம்.

காலையில் ஸ்கூட்டரில் வரும்போது அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் எரியாவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிடுவதாக. பொள்ளாச்சியில் கிடைத்திருக்கும் பள்ளிக்கூட வேலைக்குச் சரி சொல்லிவிடுவதாக.

அவன் வேகத்தடையில் மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக ஏறி இறங்கினான்.

ஞாயிறுதோறும் அவன்தான் கொண்டுவந்து விடுவான். செல்களுக்குச் சாப்பாடு மாற்றிவிட்டு அவள் வரும்வரை வேப்பமரத்தடியில் இருப்பான். உள்ளே வந்ததில்லை. வரட்டுமா என்று கேட்டதும் இல்லை.

அவளும் கூப்பிட்டதில்லை. இருட்டைக் காட்ட யாரைக் கூப்பிடுவது.

அவனுக்கு இதிலெல்லாம் அக்கறை விட்டுப்போயிற்று என்றே நினைத்திருந்தாள்.

குனிந்தாள்.

பச்சை.

இங்கொன்றும் அங்கொன்றுமாக, செல்களின் நடுவில், உட்கருவுக்குள். ஆடாமல் அசையாமல், பச்சை.

நம்பவில்லை. செத்த செல்களும் சில சமயம் பொய்யாக மினுங்கும். பிளாஸ்மிட் போடாத செல்கள் இருந்த தட்டை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

இருட்டு.

எந்த இருட்டும் அவளுக்கு இவ்வளவு நிம்மதி தந்ததில்லை.

காலால் துழாவி முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கையுறைக்குள் விரல்கள் வியர்த்துக் கிடந்தன. கழற்றவும் தோன்றவில்லை.

வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது.

அவன் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் விசிறல் நின்றது.

கிட்டே வந்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“எரியுதா?”

மறுபடி ஆட்டினாள்.

அவன் இறங்கினான். வண்டிச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டான். கைக்குட்டையை எடுத்துக் கைகளைத் துடைத்தான். ஞாயிற்றுக்கிழமை. கையில் கிரீஸ் எதுவும் இல்லை. ஆனாலும் விரல் விரலாகத் துடைத்தான்.

“கண்ணு,” என்றான். “நீ பட்டறையில சொன்ன அன்னைக்கிருந்தே கேக்கோணும்னு இருந்தேன்.”

கைக்குட்டையை மடித்து வைத்தான்.

“நானும் ஒருக்கா உள்ள வந்து பாக்கட்டுமா?”